பதினோராவது பொருத்தம்

பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று காலையில் வாசலில் இருநூறு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் பத்துப் பேருக்குக்கூட மாடியில் சோலார் போடும் எண்ணம் கிடையாது. அவர்கள் வந்தது தங்கள் வீட்டின் படியைப் பார்க்க. அதைவிட ஆவலாக, பக்கத்து வீட்டின் படியைப் பார்க்க.

படி என்றால் மானியப் படி. ஒன்றிலிருந்து இருபது வரை, படி ஒன்றுக்கு நான்கு சதவீதம். இருபதாம் படி வீட்டுக்காரர் சோலார் போட்டால் செலவில் எண்பது சதவீதத்தை அரசாங்கம் திருப்பிக் கொடுத்துவிடும். ஒன்றாம் படிக்காரருக்கு நாலே நாலு சதவீதம், அதில் கம்பி வாங்கும் செலவுகூடத் தேறாது. ஆண்டுக்கு இரண்டு முறை, தையிலும் ஆடியிலும், இந்தப் படிகளை ஏற்றி இறக்கி அறிவிப்பது கதிரொளி வாரியம். அதில் கோவில்பட்டிக்குப் பொறுப்பு நான். பெயர் செண்பகவல்லி, பதவி உதவி செயற்பொறியாளர். ஏற்றி இறக்குவது நானில்லை, மிஷின். பட்டியலை அச்செடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முன்பெல்லாம் எல்லா வீட்டுக்கும் ஒரே மானியம்தான். சோலார் தகடு இருபத்தைந்து வருஷம் உழைக்கும். ஆனால் அதை வைத்த வீடுகளில் பாதி பத்தே வருஷத்தில் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் வெளியூர் போயிருந்தார்கள், பெரியவர்கள் போய்ச்சேர்ந்திருந்தார்கள். ஆளில்லாத வீட்டு மாடியில் அரசாங்கப் பணம் வெயில் காய்கிறது என்று தணிக்கைக்காரர்கள் எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் மிஷின் வந்தது. மின் மீட்டர், ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை, சுகாதார நிலையப் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம் என்று அரசாங்கத்திடம் இருக்கிற அத்தனையும் அதற்குத் தீனி. எல்லாவற்றையும் மென்றுவிட்டு, இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷம் விளக்கு எரியும் என்று கணக்குப் போடும். அதிக வருஷம் என்றால் மேல்படி, குறைவு என்றால் கீழ்ப்படி. நியாயமான ஏற்பாடு என்று நானே ஊர் ஊராகக் கூட்டம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. அதனால் எந்த வீட்டுக்கு என்ன படி என்பதைப் பொதுவில் ஒட்டினோம். காரணத்தை ஒட்டவில்லை, ஏனென்றால் அது எங்களுக்கே தெரியாது. எண்ணை மட்டும் கொடுத்துக் காரணத்தை விட்டுவிட்டால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முதல் வருஷம் இரண்டாம் படி வாங்கிய ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் நாலே மாதத்தில் காலமானார். அவருக்கு வயது எண்பத்தாறு, பக்கத்து வீட்டு நாய்கூடச் சொல்லியிருக்கும். ஆனாலும் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? படி குறைந்த வீட்டில் ஒரு உயிர் தங்காது என்று பேச்சு கிளம்பி, தரகர்கள் வாய்க்குப் போய், கடைசியில் ஜோசியர்களிடம் வந்து நின்றது. பத்துப் பொருத்தத்தோடு பதினோராவதாகப் படிப் பொருத்தமும் பார்த்தார்கள். பத்தாம் படிக்குக் கீழே இருந்தால் அந்த வீட்டில் சம்பந்தம் கிடையாது. நாங்கள் மறுத்து நோட்டீஸ் ஒட்டினோம். மறுக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது என்றார்கள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண்மணி மட்டும் போகாமல் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் வேலுத்தாய். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டிலேயே இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள். அவள் வீட்டுக்குப் போன ஆடியில் பதினைந்தாம் படி, இப்போது மூன்று. மேல்முறையீடு செய்யலாம், ஆறு மாதம் ஆகும் என்று என் வழக்கமான பாட்டைப் பாடினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்குச் சோலார் வேண்டாம் என்றாள்.

அவள் சொன்னது இதுதான். புருஷன் லாரியில் அடிபட்டுப் போய் எட்டு வருஷம். ஒரே மகள் சுபிக்ஷா. எட்டயபுரத்தில் மாப்பிள்ளை பார்த்துப் பூ வைத்தாகிவிட்டது, மாசி இருபதாம் தேதி கல்யாணம். காலையில் பட்டியல் ஒட்டிய அரை மணி நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் போன் செய்திருக்கிறார். மூன்றாம் படி என்றால் வீட்டில் ஒரு உயிர் போகப்போகிறது என்று அர்த்தம். அது தாயா மகளா? வெள்ளிக்கிழமைக்குள் தெரிய வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்றிருக்கிறார்.

"வீட்டுல இருக்கிறது ரெண்டே பேரு மேடம்," என்றாள் வேலுத்தாய். "நானு, எம் மக. அந்த மூணு யாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எனக்குன்னா ஒண்ணுமில்ல, சந்தோசந்தான். எனக்குத்தான்னு ஒரு பேப்பர்ல எழுதி சீல் வச்சுக் குடுத்தீகன்னா கல்யாணம் நடந்துரும்."

பதினேழு வருஷ சர்வீஸில் என்னிடம் எத்தனையோ பேர் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். தன் சாவுக்கு முன்கூட்டியே சான்றிதழ் கேட்டு, அதையும் சிரித்த முகமாகக் கேட்டவள் இவள் ஒருத்திதான். படி என்பது வீட்டைப் பற்றியது, ஆயுளைப் பற்றியது அல்ல என்று அரைமணி நேரம் விளக்கினேன். வரைந்துகூடக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சரி மேடம், ஆனா யாருக்கு?" என்றாள்.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போன் போட்டேன். மிஷினைப் பராமரிக்கிற நந்தகோபன் நல்ல பிள்ளை, எதையும் புரிகிற மாதிரி சொல்லுவான். அந்த வீட்டுக்கு ஏன் மூன்று என்று கேட்டேன்.

"காரணமெல்லாம் சொல்லாது மேடம்," என்றான். "லட்சக்கணக்கான வீட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகினது அது. எங்கம்மா சாம்பார் வாசனையை வச்சே உப்பு பத்தலைம்பாங்க. எப்படித் தெரியும்னு கேட்டா அவங்களுக்கே தெரியாது. அந்த மாதிரிதான்."

"கண்டுபிடிக்க வழியே இல்லையா?"

"ஒண்ணு பண்ணலாம். ஒவ்வொரு தகவலா எடுத்துட்டு, திரும்பத் திரும்பக் கணக்குப் போடச் சொல்லலாம். எதை எடுத்தா படி ஏறுதோ, அதுதான் காரணம். ஆனா வரிசையில போட்டா மூணு வாரத்துக்கு மேல ஆயிடும்."

மூன்று வாரம் என் கையில் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு நாலே நாள்தான் இருந்தது. வேலுத்தாயின் பதிவை எடுத்துப் பார்த்தேன். ரத்தக் கொதிப்பு இருந்தது. மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தவறாமல் மாத்திரை வாங்குகிறாள். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற வியாதிதான். மகள் பதிவில் ஒன்றுமே இல்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"மேற்படி இல்லத்தின் மானியப் படிக் குறைவுக்குக் குடும்பத் தலைவியின் உடல்நலப் பதிவுகளே காரணமாகக் கருதப்படுகிறது. மகளின் பதிவுகளில் குறை ஏதும் இல்லை" என்று வாரியத்தின் தாளில் அடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தேன். கருதப்படுகிறது என்பது அரசாங்கத்தில் ரொம்ப வசதியான வார்த்தை. கருதியது யார் என்று எவரும் கேட்க மாட்டார்கள். வேலுத்தாய் எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தாள். பிறகு தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் ஒரு தூக்குவாளி நிறைய மாவு என் வீட்டுக்கு வந்தது. இட்லி பூப்போல இருந்தது. எனக்கும் பெரிய மனசுதான் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது நந்தகோபன் கூப்பிட்டான்.

"அம்மாவோட வைத்தியப் பதிவை எடுத்துப் பார்த்தேன், அப்பவும் மூணுதான். பொண்ணோடதை எடுத்தேன், மூணு. மீட்டர், வீட்டு வயசு எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தாச்சு. கடைசியா, அந்தப் பொண்ணு திருமண உதவித் தொகைக்கு மனு போட்டிருக்கு பாருங்க, அதை எடுத்தேன். பதினாறுக்கு ஏறிடுச்சு."

எனக்குப் புரியவில்லை.

"பொண்ணு கல்யாணமாகிப் போயிடும். ஒத்தையா ஒரு அம்மா எத்தனை நாள் மாவாட்டுவாங்க? நாலஞ்சு வருஷத்துல வீட்டைப் பூட்டிட்டு மகளோட போயிடுவாங்க. இந்த மாதிரி வீடுகள்ல எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கு. சாவும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். அது பார்த்தது கல்யாணத்தைத்தான்."

முதலில் சிரிப்பு வந்தது. கல்யாணம் நடக்கப்போகிறது என்று மிஷின் சொல்கிறது, அதைப் பார்த்துவிட்டு ஊர் கல்யாணத்தை நிறுத்துகிறது. அப்புறம் சிரிப்பு போய்விட்டது. கல்யாண வயதில் பெண் இருக்கிற எத்தனை வீட்டில் இப்படிப் படி இறங்கியிருக்கும்? எத்தனை பூ வைத்தது முறிந்திருக்கும்? மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வீட்டுக்குக் காரணம் சொன்னால் எட்டு லட்சம் வீட்டுக்கும் சொல்ல வேண்டி வரும், இதை எழுத்தில் கொண்டுவராதே என்றார். நான் சீல் வைத்துக் கொடுத்த தாளைப் பற்றி அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வேலுத்தாயிடமாவது சொல்லியிருக்க வேண்டும். கல்யாணம் நெருங்கிவிட்டது, இப்போது போய் அந்தத் தாள் பொய் என்றால் மோசடி என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிடுவார்கள் என்று காரணம் தேடிக்கொண்டேன். என் வேலையும் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம். இப்போது மறைத்து என்ன?

கல்யாணத்துக்குப் போனேன். வேலுத்தாய் மெலிந்திருந்தாள், ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னைக் கண்டதும் ஓடிவந்து தலையில் பூ வைத்துவிட்டு, சம்பந்தியம்மாளிடம் கூட்டிப்போய், "இந்த மேடந்தான் எழுதிக் குடுத்தாக" என்று பெருமையாகக் காட்டினாள். சம்பந்தியம்மாள் வேலுத்தாயின் கையை விடவே இல்லை. உட்காருங்க, ஓடாதீங்க, தண்ணி குடிங்க என்று ஒரே உபசாரம். ஊருக்குப் போகிறவர்களிடம் காட்டுகிற பிரியம் அது. அதைப் பார்த்தும் நான் பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டேன். அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் அடுத்த மாதமானது. வெயில் காலத்தில் விண்ணப்பங்கள் குவிந்தன. சொல்லாமலே பழகிவிட்டது.

ஆடிப் பட்டியல் வந்தபோது முதலில் அவள் வீட்டைத்தான் தேடினேன். மகள் போய்விட்டாள், மூன்று மூன்றாகவே இருக்கும் என்று நினைத்தேன். ஒன்று என்றிருந்தது.

தகவலை எடுத்துப் பார்க்கிற வழியை நந்தகோபன் எனக்கும் திறந்துவிட்டிருந்தான். கல்யாணத்தை எடுத்தேன், படி அசையவில்லை. ஒரு கிரைண்டரை விற்றுவிட்டாள் என்று மீட்டர் காட்டியது, அதை எடுத்தேன், அசையவில்லை. கடைசியில் சுகாதார நிலையப் பதிவைத் திறந்தேன். மாத்திரை வாங்கியதற்கான கட்டங்கள் ஐந்து மாதமாகக் காலியாக இருந்தன. வாங்கியதாக நிரப்பிப் பார்த்தேன். படி உடனே நாலுக்கு ஏறியது. முதல் காலிக் கட்டம் மாசி மாதத்தில் இருந்தது. நான் கடிதம் கொடுத்தது தை மாதம்.

மிஷின் இந்த முறைதான் உண்மையிலேயே ஒரு உயிரைப் பற்றிப் பேசியிருக்கிறது. அதைப் பேச வைத்தது நான்.

யாரிடமும் கேட்கவில்லை. முந்தைய கடிதம் பொய், தங்கள் படிக் குறைவுக்குத் தங்கள் உடல்நலம் காரணமல்ல, மகளின் திருமணமே காரணம் என்று எழுதி, முழுப் பெயரும் போட்டு சீல் வைத்தேன். வேலை போனால் போகட்டும் என்று அப்போதுதான் தோன்றியது. மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டு, மத்தியான வெயிலில் ஆட்டோ பிடித்து ரயில்வே கேட்டைத் தாண்டினேன்.

வீட்டில் ஒரு கிரைண்டர்தான் இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது. வேலுத்தாயின் முகமும் கணுக்காலும் வீங்கியிருந்தன. ஆனாலும் உற்சாகமாகத்தான் வரவேற்றாள். ஆடிக்கு மகளை நேற்றே கூட்டிவந்துவிட்டாளாம், முழுகாமல் மூன்று மாதமாம், உள்ளே தூங்குகிறாளாம். நான் எதையும் சுற்றி வளைக்காமல் தாளைக் கொடுத்துவிட்டு, நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு எழுதியது பொய், உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, மாத்திரையை நிறுத்தியதுதான் தப்பு, என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவள் திட்டவில்லை. தாளை இரண்டாக மடித்தாள். மகள் படுத்திருந்த அறைக் கதவை மெள்ளச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு இல்லன்னா, அப்ப அவளுக்கா?" என்றாள்.

"யாருக்கும் இல்லம்மா. கல்யாணமாகி அவ போறதைத்தான் மிஷினு அப்படிச் சொல்லுச்சு."

"கல்யாணந்தான் முடிஞ்சு போச்சே. இப்ப ஒண்ணுன்னு போட்டிருக்காகளே, அது எதுக்கு? அவ பேரு இன்னும் இந்த ரேஷன் அட்டையிலதான் கெடக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "காலையிலயே போய்ப் பாத்துட்டு வந்தேன் மேடம். ஒண்ணைப் பாத்ததும் மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. சரி, எனக்கு வர வேண்டியது கிட்டத்துல வந்துட்டுன்னு நெனச்சேன். நீங்க வந்து எனக்கு இல்லங்கீக."

மாத்திரையை நிறுத்தியதால்தான் ஒன்று, சாப்பிட்டால் ஏறிவிடும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கூட்டங்களில் எத்தனையோ பேருக்கு விளக்கிய வாய், இந்த ஒருத்திக்கு விளக்க வரவில்லை.

"நான் மாத்திரையத் தின்னு இதைத் தள்ளிவிட்டேன்னு வைங்க," என்றாள். "அது சும்மாவா போகும்? உள்ளப் படுத்திருக்க புள்ளத்தாச்சி மேல போயி விழும். வேண்டாம். எம் பேர்லயே இருக்கட்டும்."

நான் கொடுத்த தாளை அவளே என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். எட்டயபுரத்தில் ஆடிப் பட்டியலைப் பார்த்துவிட்டார்கள். காலையிலேயே போன் செய்து, இந்த ஒன்று யாருக்கு, மருமகளுக்கா, வயிற்றில் இருப்பதற்கா என்று கேட்டார்களாம். பழைய தாள் நாள்பட்டுப் போயிற்றாம். ஆவணியில் கூட்டிப்போக வரும்போது புதுத் தேதியில் ஒரு தாள் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பிரசவம் முடியும்வரை இங்கேயே இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த 'அப்புறம்' எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மாத்திரை சாப்பிட்டால்தான் எழுதுவேன் என்றேன். உடனே தலையாட்டினாள். மாத்திரை அட்டையை என்னிடமிருந்து வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் விபூதித் தட்டில் வைத்தாள். மகளுக்காக எதற்கும் தலையாட்டுகிறவள் அவள். அங்கே வைத்தது திரும்ப எடுப்பதற்காக அல்ல என்று பார்த்தாலே தெரிந்தது.

உள்ளே சுபிக்ஷா புரண்டு படுத்து, யாரும்மா என்று தூக்கக் குரலில் கேட்டாள். ஒண்ணுமில்ல, மாவு வாங்க வந்திருக்காக, நீ தூங்கு என்றாள் வேலுத்தாய். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பையில் வாரியத்தின் வெற்றுத் தாள்கள் இருந்தன, சீலும் இருந்தது. கிரைண்டர் மேலேயே வைத்து எழுதினேன். குடும்பத் தலைவியின் உடல்நலப் பதிவுகளே காரணமாகக் கருதப்படுகிறது, மகளின் பதிவுகளில் குறை ஏதும் இல்லை. தேதியைத் தவிர ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இந்த முறை அதில் பொய் எதுவும் இல்லை.